அளக்காமல் விட்ட ஓடை

மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் பூகோளப் பாடத்துக்காக மலை, ஆறு, அணைக்கட்டு மாதிரிகள் செய்யும் அறையில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். நான் இருக்கும்போதே அந்த அறைக்கு வேலைக்கு வந்து சேர்ந்த இரண்டு பேரும் நல்ல கைக்காரர்கள். ஆனால் என்னைக் கேலி செய்யாவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. மேஜை மேல் இருக்கிற எதையும் எடுப்பதற்கு முன் அதைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுவேன். அதோடு விடமாட்டேன். பக்கத்தில் இருக்கிற மலை, ஆறு, பாதை எல்லாவற்றையும் மேஜை விளிம்பிலிருந்து அளந்து ஒரு சீட்டில் எழுதி வைப்பேன்.

“காதர் பாய் பொம்மைக்கெல்லாம் பட்டா போட்டுக் குடுக்குறாருடோய்” என்பான் ஒருத்தன்.

“பொம்மை ஓடியா போகப்போகுது? இம்புட்டுப் பயம் எதுக்கு பாய்?” என்பான் இன்னொருத்தன்.

ஓய்வு பெற்ற அன்று மாலையோடு இந்தக் கேள்வியையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வாயால் சொல்ல எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றேன். இதுதான் அது.

எங்களுடையது பாத்திரத்துக்கு ஈயம் பூசும் குடும்பம். தெற்குவாசல் பக்கம் அத்தாவின் கடை. பத்து வயதில் துருத்தி ஊதினேன். இருபதில் கடை என் தலையில் விழுந்தது. இருபத்திரண்டில் நிக்காஹ். இருபத்து நாலில் ஊரில் காலரா வந்தது, என் மனைவி பாத்திமா இரண்டே நாளில் மவுத்தானாள். பிள்ளை குட்டி கிடையாது. அதற்குப் பிறகு கடைக்கு வருகிற பெண்கள் “மறுகல்யாணம் எப்ப?” என்று கேட்காமல் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனதே இல்லை. அந்தக் கேள்விக்காகவே கடையை வெறுத்தேன். சோறு நானே பொங்கி, நானே தின்று, நானே கழுவி வைத்த காலம் அது.

அழகர்கோவில் சாலையில் ஒரு பங்களாவில் சமையல் வேலை பார்த்த அந்தோணி ஒருநாள் பித்தளை டேக்சாக்களோடு வந்தான். கடைசியில் மடியிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தான். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு ஈயக் குதிரை, கால் ஒடிந்து கிடந்தது.

“தொரை இத ஒட்டித் தரச் சொன்னாக. பாத்துண்ணே, உசுரையே இதுகமேலதான் வச்சிருக்காக.”

எவ்வளவு கொழுப்பு எனக்கு! ஈயம் பூசுகிறவனுக்கு ஈயத்தை ஒட்டத் தெரியாதா என்று, பித்தளைக்குக் காட்டுகிற அதே சூட்டைக் காட்டினேன். நவச்சாரப் புகை அடங்குவதற்குள் குதிரை, சேணம், அதன் மேல் இருந்த சிப்பாய் எல்லாம் உருகிக் கரிக்குள் ஒரே சொட்டாக விழுந்தது.

அந்தச் சொட்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். வில்மட் துரை கால்வாய் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சீமைக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டார். கல்யாணம் ஆகாதவர். ஆள் நெட்டை. முப்பது வருஷம் மண்வெட்டிக்காரர்களோடு கரையில் நின்று பழகியதால் அவர் பேசியது துரைத்தமிழ் இல்லை, அசல் மேஸ்திரித் தமிழ்.

“குதிரை எங்க?”

காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன். “இதுதான் தொரை.”

சொட்டை விரலால் புரட்டிப் பார்த்தார். “தொலைஞ்சு போச்சுன்னு சொல்லலாம்ல? ஏன் சொல்லல?”

“தொலையல தொரை. உருகிப்போச்சு.”

“சரி, நாளையிலருந்து இங்க வா” என்றார். ஒரு குதிரையைக் கொன்றதற்காக வேலை கிடைத்தவன் மதுரையிலேயே நான் ஒருத்தன்தான்.

பங்களாவின் பெரிய கூடத்தில் சாப்பாட்டு மேஜை இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டடி நீளத்தில் ஒரு சண்டைக்களம் இருந்தது. குன்றுகள், தோப்பு, ஒரு பாலம், நடுவே ஒரு ஓடை. இரு பக்கமும் ஈயச் சிப்பாய்கள், குதிரைப்படை, பீரங்கி. இதே போல, அங்குலம் பிசகாத இன்னொரு மேஜை கடலுக்கு அப்பால் ஒரு சீமைப் பட்டணத்தில் இருந்தது. அது பெல்லமி என்பவருடையது. பெரிய யுத்தத்தில் இரண்டு பேரும் ஒரே படையில் இருந்தவர்கள். பெல்லமிக்கு அதில் ஒரு கால் போய்விட்டது. வீட்டை விட்டு வெளியே வராத மனிதர்.

ஆட்டம் தபாலில் நடந்தது. துரை ஒரு நகர்த்தல் நகர்த்தி எழுதுவார். கப்பலில் அது போய்ச் சேர மூன்று வாரம். பெல்லமி தன் மேஜையில் அதைச் செய்துவிட்டுத் தன் நகர்த்தலை எழுதுவார். அது வர மூன்று வாரம். நான் போன சமயத்தில் அந்தச் சண்டை தொடங்கி ஏழு வருஷம் ஆகியிருந்தது.

“நம்ம ஊர்ல பிள்ளைக இத அஞ்சு நிமிசத்துல முடிச்சுப்புட்டு அடுத்த வெளையாட்டுக்குப் போயிரும்ணே” என்பான் அந்தோணி. “இவுக ரெண்டு பேரும் செத்துப்போயி, அங்கயும் தபால் போடுவாகபோல.”

குண்டு பட்டதா இல்லையா என்பதைப் பகடை உருட்டித்தான் முடிவு செய்ய வேண்டும். உருட்டுகிறவர் தனியாக உருட்டி, விழுந்ததைத் தானே எழுதி அனுப்ப வேண்டும். பக்கத்தில் பார்க்க ஆள் கிடையாது. ஒரு தடவை துரை உருட்டினார், ஒன்று விழுந்தது. முகம் சுருங்கிப்போனது. அந்த ஒன்றை அப்படியே எழுதினார். அவர்கள் சிநேகத்தில் நான் பார்த்த பெரிய விஷயம் அதுதான்.

வேலை பழக ஒரு வருஷம் ஆனது. ஒடிந்த இடத்தில் ஊசித் துளை போட்டு, குண்டூசியை நறுக்கி உள்ளே செருகி, வெந்நீர்ச் சூட்டிலேயே இளகும் ஒரு வகை ஈயத்தால் அடைக்க வேண்டும். உடம்புக்கு அந்தச் சூடு தெரியவே கூடாது. பிறகு பழைய சாயத்தைக் காரத் தண்ணீரில் ஊற வைத்துக் கழற்றி, வெள்ளை பூசி, காய்ந்ததும் முதலில் முகம், அடுத்தது சட்டை, கடைசியில் பித்தான். பித்தானுக்கு அணில் மயிர்த் தூரிகையில் மூன்றே மயிர்.

முதல் சிப்பாயை முடித்ததும் கண் வைக்கப் போனேன். துரை என் கையைத் தடுத்தார்.

“ரெண்டு பர்லாங்குக்கு அங்கிட்டு நிக்கிறவன் கண்ணு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியாது தொரை.”

“அப்பறம் எதுக்கு வைக்கிற?”

எனக்கு அதில் ஒரு நிம்மதியும் கிடைத்தது. மார்க்கத்துக்கு விரோதமாக உருவம் எழுதுகிறேன் என்று எங்கள் தெருவில் பேச்சு கிளம்பியிருந்தது. தாய்மாமா வீட்டுக்கே வந்து கேட்டார். “கண்ணு வைக்கிறதில்ல மாமா” என்றேன். “கண்ணு இல்லாட்டியும் ஆளு ஆளுதானடா” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அப்புறம் அந்த வீட்டு விசேஷங்களுக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. ஒரு பெருநாளுக்குப் பள்ளிவாசலில் தொழுது முடித்து, கட்டித் தழுவ ஆள் தேடி நின்றுவிட்டு, நேரே பங்களாவுக்கே வேலைக்குப் போனேன். துரை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

துரை பாராட்ட மாட்டார், திட்டவும் மாட்டார். நான் முடித்த சிப்பாயை வாங்கி, மேஜையில் வைத்து, இரண்டு எட்டுப் பின்னால் போய்ப் பார்ப்பார். சரி என்றால் அப்படியே நிற்க விடுவார். தப்பு என்றால் விரலால் மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டுப் போவார். என்ன தப்பு என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். சில நாள் காலையில் வந்தால் நாலு பேர் படுத்திருப்பார்கள். நாள் முழுக்க நாங்கள் பேசுகிற வார்த்தை இருபது தேறாது. ஆனாலும் ஒரே கூடத்தில் இன்னொரு மனிதன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டதே, அது எனக்குப் போதுமாக இருந்தது.

தரை வேலையும் என்னுடையதுதான். பலகை மேல் சாக்கை வஜ்ஜிரப் பசையில் தோய்த்து விரித்து, அதன் மேல் காகிதக் கூழை வெந்தயம் சேர்த்து அரைத்து அப்பி மலை எழுப்புவேன். காய்ந்த பீர்க்கங்கூட்டைக் கிள்ளிப் பச்சை தோய்த்தால் மரம். ஓடைக்குக் கண்ணாடித் துண்டு, அடியில் நீலம். கூழ் காயக் காயச் சுருங்கும். எந்தப் பக்கம் முதலில் காய்கிறதோ அந்தப் பக்கம் இழுக்கும். கூழ் வேலை செய்கிற எவனுக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

அப்படி இரண்டு வருஷம் போனது. அந்தப் புரட்டாசியில் துரைக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. டாக்டர் கொடைக்கானலுக்குப் போகச் சொன்னார். கிளம்பும்போது, “கூடத்துக் கூரையில ஒடஞ்ச ஓட்ட மாத்திப்புடு. ஐப்பசி வருது” என்றார்.

“பாத்துக்கிறேன் தொரை” என்றேன்.

பார்க்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று விட்டேன். ஐப்பசி எனக்காகக் காத்திருக்குமா? ஒருநாள் காலையில் கூடத்தைத் திறந்தால் மேஜையின் ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர். ஓடையை ஒட்டியிருந்த குன்று இட்லி மாவு மாதிரி பொங்கி நின்றது. சிப்பாய்கள் அசையாமல் அதன் மேல் நின்றார்கள்.

முதலில் ஓட்டைச் சரிசெய்தேன். அப்புறம் நூல் எடுத்தேன். ஒவ்வொரு சிப்பாயும் மேஜையின் இரண்டு விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதினேன். அறுபத்து மூன்று பேர். அதன் பிறகே அவர்களை எடுத்துத் தட்டில் வைத்தேன். குன்றை வெட்டி எறிந்து, ஓடைக் கண்ணாடியையும் பெயர்த்து, புதுக் கூழ் அப்பிக் கண்ணாடியைத் திரும்பப் பதித்தேன். ஈரக் காற்று. ஜன்னல் பக்கம் சீக்கிரம் காய்ந்தது. சாயம் ஏற்றிப் பார்த்தபோது பழைய குன்றைவிட அழகாக இருந்தது. பிறகு நூலைப் பிடித்து, சீட்டைப் பார்த்து, ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் வைத்தேன்.

துரையின் குதிரைப்படையில் ஐந்து பேர் ஓடைக்கு அந்தக் கரையில் நின்றார்கள்.

இந்தக் கரையில் நின்றதாக எனக்கு ஒரு ஞாபகம். நூலை மறுபடி பிடித்துப் பார்த்தேன். சீட்டில் எழுதியபடிதான் இருந்தது. அந்தோணியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“குதிரைக எந்தக் கரையிலப்பா நின்னுச்சு?”

“நானென்ன அதுகளுக்குத் தண்ணியா காட்டினேன்? எனக்கெப்படிண்ணே தெரியும்?”

ஞாபகம் தப்பும், நூல் தப்பாது என்று முடிவு செய்தேன். ஆட்களையெல்லாம் அளந்த நான் ஓடையை அளக்கவே இல்லை என்பது என் மண்டையில் உறைக்கவில்லை.

துரை பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். மறுநாள் மேஜை முன் வெகுநேரம் நின்றார். ஒழுகியது என்று சொன்னால் ஓட்டை மாற்றாததையும் சொல்ல வேண்டும். மத்தியானம் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் என்னைக் கூப்பிட்டார். மேஜையைப் பற்றிப் பேச அவர் என்னைக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

“காதர், இங்க பாரு. காய்ச்சலுக்கு முன்னாடியே ஓடையத் தாண்ட வச்சிருக்கேன். எனக்கே மறந்துபோச்சு! இனி பெல்லமி பீரங்கிக்குப் பின்னாடி போயிரலாம். நாம ஜெயிச்சிட்டோம்டா!”

நாம என்றார். நாம என்று என்னையும் சேர்த்துச் சொல்ல வீட்டில் ஆள் போய்ப் பன்னிரண்டு வருஷமாகியிருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காக வாயை மூடிக்கொண்டேன். நூல்தானே சொன்னது, சரியாகவும் இருக்கலாமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கே துரை அந்த நகர்த்தலை எழுதித் தபாலில் போட்டார். ஆறு வாரத்துக்கு மேல் கழித்துப் பதில் வந்தது. துரை நின்றபடியே படித்தார். படித்துவிட்டு உட்கார்ந்தார்.

“என்ன தொரை?”

“என் குதிரை ஓடையத் தாண்டவே இல்லையாம். நான் ஏமாத்துறேன்னு எழுதியிருக்கான்.” கடிதத்தை நாலாக மடித்தார். “பெல்லமி எழுதியிருக்கான்.”

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. துரை தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் கூழைத் தொட்டுப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் இழுத்த சுவடு விரலுக்கே தட்டுப்பட்டது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். ஒரு காலத்தில் உருகிய குதிரையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோனவன் நான். இப்போது மடித்துக் கொண்டுபோக முடியவில்லை. இந்தக் கூடமும் போய்விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை.

துரை கோபமாக ஒரு பதில் போட்டார். அதற்கு வந்த பதில் மூன்றே வரி. சிப்பாய்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டேன், இனி எழுத வேண்டாம் என்று பெல்லமி எழுதியிருந்தார். அன்றைக்குத் துரை சாப்பிடவில்லை. மறுநாளும் தட்டு அப்படியே திரும்பியது.

“யாராச்சும் செத்தாக்கூட தொரை இப்படி ஒக்காந்து பாத்ததில்லண்ணே” என்றான் அந்தோணி. “நீயாச்சும் ஒரு வார்த்த கேளேன்.”

உள்ளே போனேன். ஓடு, மழை, நூல், கூழ் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு எழுந்து, அலமாரியிலிருந்து அந்த மேஜைக்கென்று அவரே போட்டு வைத்திருந்த வரைபடத்தை எடுத்தார். நூலின் ஒரு நுனியை என்னிடம் கொடுத்தார். ஓடையை அளந்தோம். ஒன்றேகால் அங்குலம் தள்ளியிருந்தது.

“எப்பத் தெரியும் ஒனக்கு?”

“முத கடுதாசி வந்த அன்னைக்கே தொரை.”

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். தப்பு என் மேஜையில்தான், நீ எழுதியதே சரி, மன்னித்துக்கொள் என்று பெல்லமிக்கு எழுதியதாகப் பிறகு சொன்னார். என் பெயரை எழுதினீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். சீக்கிரம் போகட்டும் என்று அதை ஆகாயத் தபாலில் அனுப்பினார்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் குன்றையும் ஓடையையும் மறுபடி பெயர்த்து, வரைபடத்தின்படி புதிதாகக் கட்டினேன். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் ஓடையை அளந்தேன். துரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்து முடிந்ததும், குதிரைகளைப் பழைய சீட்டில் இருந்த அதே அளவில் வைத்தேன். ஐந்து பேரும் இந்தக் கரையில் நின்றார்கள்.

பதில் பெல்லமியின் தங்கையிடமிருந்து வந்தது. மார்ச்சளியில் அண்ணன் காலமாகிவிட்டார், உங்கள் கடிதம் அடக்கம் முடிந்து நாலாம் நாள் வந்தது, பெட்டியில் நிறைய ஈயப் பொம்மைகள் இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது என்று கேட்டிருந்தாள்.

துரை அதை எனக்குத் தமிழில் சொன்னார். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. பிறகு நாற்காலியை மேஜை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு களத்தைப் பார்க்க ஆரம்பித்தார். குதிரையைத் தொட்டார், விட்டார். பாலத்துப் பக்கம் ஒரு படையை நகர்த்திப் பார்த்து, மறுபடி பழைய இடத்தில் வைத்தார். பெல்லமியின் பீரங்கியிலிருந்து பாலம் வரை நூல் பிடித்தார். நான் தூரிகையைக் கழுவுகிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

“முடிஞ்சிருச்சு காதர்” என்றார் கடைசியில். “ஓடை சரியா இருந்தா எனக்கு வழியே இல்ல. எங்க நகத்துனாலும் அடுத்த தபால்ல பாலத்தப் புடிச்சிருவான். அவன் ஜெயிச்சிட்டான்.”

எழுந்து சட்டைப் பித்தான்களைப் போட்டுக்கொண்டார்.

“தோத்தவன் எந்திரிச்சுக் கை குடுக்கணும். அது மொற. நீ அவன் பக்கம் போயி நில்லு.”

தூசி தட்டுவதற்குத் தவிர அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. போய் நின்றேன். துரை சண்டைக்களத்துக்கு மேலாகக் கையை நீட்டினார். என் கையெல்லாம் பசையும் சாயமுமாக இருந்தது. வேட்டியில் துடைத்துவிட்டு நீட்டினேன். அவர் கை இன்னும் காய்ச்சல் கையாகவே சுட்டது. என்னை மன்னிச்சிருங்க தொரை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“பேசாத” என்றார், கையை விடாமல். “ஜெயிச்சா அவன் ஒரு வார்த்த பேச மாட்டான். சும்மா நிப்பான்.”

நான் பேசாமல் நின்றேன்.